ஆறாவது டவரில் வழிந்த டம்ளர்

பெட்டியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னைப் பற்றிப் போனால் போகிறது என்று நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தொலைப்பார்கள். அது பொய்யாகிவிடும்.

எங்கள் மலையில் ரோப் கார் ஓடுகிறது. அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன், உச்சியில் ஒரு ஸ்டேஷன், நடுவே பத்து டவர்கள். கம்பியில் தொங்கும் பெட்டிகள் இரண்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒரு நடைக்குப் பதினான்கு நிமிடம். அடிவாரத்துக் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து அவற்றை ஓட்டுகிறவன் நான். இரண்டாம் நம்பர் பெட்டியில் பயணிகளோடு நின்றபடியே போய் வருகிறவள் அவள். கதவைச் சாத்துவது, கம்பியைப் பிடிக்கச் சொல்வது, குமட்டுகிறவர்களுக்குப் பை கொடுப்பது, ஜன்னல் வழியே செல்போனைத் தவறவிட்டு அழுகிறவர்களைத் தேற்றுவது, எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு நாளைக்குப் பதினாறு நடை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் போய் வந்தாள். உயரம் என்றால் அவ்வளவு நடுக்கம்.

"கண்ண மூடிக்கிட்டா எப்படிம்மா பயணிகளப் பாத்துக்குவ?" என்று கேட்டேன்.

"அவங்களும் மூடிக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணே" என்றாள்.

அவளுக்கு வாய் அப்படி. இரண்டாவது வாரம் கண்ணைத் திறந்தாள். கீழே ஒருவர் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு தன் பெட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பார்க்கிங்கில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவர். அடுத்த வருடம் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். பெட்டி பார்க்கிங்கைக் கடக்கும்போது கண்ணாடியில் இரண்டு முறை தட்டுவாள். அந்தச் சத்தம் கீழே கேட்காது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவர் கொடியைத் தூக்கிக் காட்டுவார். பதினோரு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கிண்டல் செய்து செய்து அலுத்துப்போய் விட்டுவிட்டோம்.

அந்தப் பார்க்கிங் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஓடைக்குள் இருக்கிறது. ஆமாம், ஓடைக்குள். ஆறாவது டவருக்கு அடியில் ஒரு பள்ளத்தில் பிறந்து, வளைந்து வளைந்து இறங்கி, எங்கள் ஸ்டேஷனை ஒட்டி வெளியே வரும் ஓடை. வருடத்தில் பத்து மாதம் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அகலமான சரளைத் தரை, சமமான இடம். அடிவாரத்தில் வேறு சமமான இடமே கிடையாது. எந்த மகராசன் யோசனையோ, கல்லில் வெள்ளைக் கோடு போட்டு, நூறு வண்டி நிறுத்தலாம் என்று பலகையும் வைத்துவிட்டார்கள். நானும் இருபது வருடம் என் ஸ்கூட்டரை அங்கேதான் நிறுத்தினேன். புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

இனி டம்ளர் விஷயம். இரண்டாம் நம்பர் பெட்டியின் கூரையில் ஓர் ஓட்டை உண்டு. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் அடைக்கவில்லை. மழை பெய்தால் ஒழுகும், தரை வழுக்கும். அதனால் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கட்டி வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்தாளா? எந்த டவரில் எவ்வளவு நிறைகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். கீழ் ஸ்டேஷனில் வெயில் அடிக்கும். டம்ளர் காய்ந்து கிடக்கும். நாலாவது டவரில் சொட்டு விழும். ஆறாவதில் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். எட்டாவதில் மறுபடி சொட்டு. உச்சியில் வெறும் பனித்தூறல், சட்டையில் ஒட்டுமே தவிர டம்ளரில் சேராது. விரலை விட்டு அளந்து வைத்திருந்தாள். நல்ல மழை நாளில் ஏழாவது டவரைத் தாண்டும்போது இரண்டு விரல் தண்ணீர் இருக்கும்.

"இன்னிக்கு எத்தனை விரல்?" என்று வேலை முடிந்து போகும்போது கேட்பேன். கேலிக்குத்தான்.

ஒருநாள் அவளே விளக்கம் சொன்னாள். "காத்து தண்ணியச் சுமந்துகிட்டு வருது அண்ணே. சமதரையில அப்படியே தூக்கிட்டுப் போயிரும். மலை குறுக்க நின்னா ஏறித்தானே ஆகணும்? ஏற ஏறக் குளிரும். குளிர்ந்தா சுமையத் தாங்க முடியாது, இறக்கி வச்சிரும். நம்ம மலை அஞ்சாவது டவர் வரைக்கும் சாய்வா இருக்கு. ஆறாவதுல சுவரு மாதிரி நிக்குது. அங்கதான் மூச்சு முட்டி மொத்தமா கொட்டுது."

"மேல் ஸ்டேஷன்லதான் மழை அதிகம்னு கணக்கு சொல்லுதேம்மா."

"வருஷத்துக்குக் கூட்டினா மேலதான் அதிகம். அது தூறித் தூறிச் சேர்றது. ஒரு மணி நேரத்துல கொட்டித் தீக்கறது நடுவுல. நடுவுல மானி இல்ல. என் டம்ளர்தான் இருக்கு."

நான் சிரித்தேன். மேல் ஸ்டேஷனில் ஒரு மழைமானி, என் அறைக்கு வெளியே ஒரு மழைமானி. இரண்டும் மில்லிமீட்டர் கணக்கில் என் மேஜைத் திரையில் எண் காட்டும். மேலேயும் கீழேயும் அளந்தால் நடுவே இருப்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். எங்கள் எல்லோருடைய எண்ணமும் அதுதான்.

அன்று காலையில் அவர்கள் இருவருக்கும் சண்டை. ஓடையை விட்டு டிக்கெட் கவுண்டருக்கு மாற்றல் கேள் என்று மூன்று வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். காற்று திசை மாறியதிலிருந்து டம்ளர் பழைய கணக்கை மீறி நிறைகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாளாம். அவருக்கோ, சொன்ன இடத்தில் நிற்பதுதான் வேலை. மாற்று ஆள் வராமல் பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட இடத்தை விட்டு நகராத மனிதர். அவள் கத்தக் கத்த "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வாக்குவாதத்தில் "ம்" சொல்கிற புருஷனை விடக் கோபம் மூட்டுகிற பிறவி உலகத்தில் கிடையாது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். முதல் நடையில் கண்ணாடியைத் தட்டவில்லை. அவரும் கொடியைத் தூக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேலிருந்து பதினேழு பயணிகளோடு இரண்டாம் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றாம் பெட்டிக்குக் கதவு பழுது, அது காலியாகவே ஏறிக்கொண்டிருந்தது. என் மேஜையில் வெயில் விழுந்திருந்தது. மலையின் இடுப்பில் ஒரு மேகம் கறுப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மலை என்றால் மேகம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்போது பெட்டியின் போன் அடித்தது.

"அண்ணே, பார்க்கிங்ல இருக்கறவங்கள மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

அவள் குரலுக்குப் பின்னால் தகரத்தில் சரளையைக் கொட்டுவது போன்ற இரைச்சல் கேட்டது.

"என்னம்மா சொல்ற? இங்க வெயில் மண்டையப் பொளக்குது."

"டம்ளர் நிறைஞ்சு வழியுது. ஏழாவது டவர் தாண்டி அரை நிமிஷந்தான் ஆச்சு. கீழ பள்ளம் தெரியல, வெள்ளையா நுரைக்குது. அண்ணே, நான் விளையாடல."

திரையைப் பார்த்தேன். மேலே மூன்று மில்லிமீட்டர். கீழே பூஜ்யம். மேல் ஸ்டேஷன்காரருக்குப் போன் போட்டேன். "தூறல்தான். நான் வெளிய நின்னு டீ குடிச்சிட்டிருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"சைரன அடிங்க அண்ணே."

இங்கேதான் என் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். சைரனை ஒலிக்க என் மேஜையிலேயே வசதி உண்டு. போன வருடம் ஒரு பலத்த காற்றுக்குப் பயந்து ஒலித்தேன். ஜனங்கள் படிக்கட்டில் முட்டி மோதி ஒரு அம்மாவுக்குக் கால் முறிந்தது. காற்றும் வந்த வழியே போய்விட்டது. மெமோ கொடுத்து, ஆறு மாதம் என்னை ஒரு பயந்தாங்கொள்ளியாக நடத்தினார்கள். அந்தச் சூடு ஆறவில்லை. விரல் பொத்தானுக்குப் போகவே இல்லை.

"இரும்மா, விசாரிக்கிறேன்" என்றேன்.

விசாரிக்கிறேன்! யாரை விசாரிப்பது? மேகத்தையா? நாலு நிமிடம் இப்படிக் கழிந்தது. மேலாளருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மேல் ஸ்டேஷனுக்குப் போட்டேன். அவள் லைனிலேயே இருந்தாள். காற்றுக்காக வேகத்தைக் குறைத்திருந்ததால் பெட்டி ஆறாவது டவரை அப்போதுதான் தாண்டியிருந்தது. அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

திடீரென்று என் தலைக்கு மேல் சைரன் அலறியது. நான் தொடவில்லை. கம்பி நின்றுவிட்டது.

ஒவ்வொரு பெட்டியிலும் கண்ணாடி மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உயிர் போகிற ஆபத்துக்கு மட்டும். அதை அழுத்தினால் கம்பி அங்கேயே நிற்கும், இரண்டு ஸ்டேஷனிலும் சைரன் தானாக அடிக்கும். மறுபடி ஓட வேண்டுமானால் மெக்கானிக் வந்து ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது ஒன்றரை மணி நேரம். அதுவரை பெட்டி நின்ற இடத்திலேயே தொங்கும். மலையிலேயே மோசமான இடத்தில், அந்த மழைக்கு நடுவில், இடி விழும் கம்பியில், தெரிந்தே அவள் பெட்டியை நிறுத்திவிட்டாள். சைரனுக்காக.

உள்ளே நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். நின்ற வேகத்தில் பெட்டி முன்னும் பின்னும் ஆடியது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே மழை தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கம்பிக்கு ஒன்றுமில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான், ஒருவர் இவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்களச் சாகடிக்கப் பாக்கறியா?" என்று கேட்டாராம். முதல் வாரத்துப் பயம், உயரத்தைப் பற்றிய அந்தப் பழைய பயம், திரும்பி வந்துவிட்டது என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மணிக்கட்டை உதறிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணே. சைரன் அடிச்சா யார் எங்க நிக்கணும்னு போன மாசம் புது லிஸ்ட் ஒட்டினாங்களே. அதுல அவரு எங்க?"

சுவரைப் பார்த்தேன். பழைய வழக்கப்படி சைரன் கேட்டால் எல்லா ஊழியர்களும் ஸ்டேஷன் மேடைக்கு ஓடி வர வேண்டும். அவள் அதை நம்பித்தான் அழுத்தினாள். புது லிஸ்டில் ஒன்பதாவது வரி: பார்க்கிங் ஊழியர், ஓடை வாசலில் கொடியுடன் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வேண்டும். அதை டைப் செய்தவன் நான். ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் திணறக் கூடாதே என்று நானே யோசித்துச் சேர்த்த வரி.

"அண்ணே?"

ஒன்பதாவது வரியின் மேல் விரலை வைத்தேன்.

"ஓடையிலயா?" என்றாள். நான் பேசாததிலேயே புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு போனில் வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல மாட்டேன். அதற்கு எனக்குப் பெயர் தெரியாது. அவரைக் காப்பாற்ற அழுத்திய பொத்தான் அவரை அங்கேயே அறைந்து நிறுத்திவிட்டது. சொன்ன இடத்தில் நிற்கிற மனிதர்.

கம்பியில் பெட்டி தொங்கும்போது நான் அறையை விட்டு நகரக் கூடாது. என் ஜன்னல் மலையைப் பார்க்கும், ஓடையைப் பார்க்காது. மைக்கில் கத்தினேன்; அது மேடைக்குத்தான் கேட்கும். மேடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பெட்டி அந்தரத்தில் நிற்கிறது என்றதும் வேடிக்கை பார்க்க டிரைவர்கள், கடைக்காரர்கள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் எல்லோரும் படியேறி வந்தார்கள். நன்றாகத் தெரிகிற இடம் மேடைதானே. அந்தப் பாழாய்ப்போன வேடிக்கைப் புத்தியை அன்றைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவர் இல்லை.

தரை அதிர்ந்தது. மேஜை மேல் வெயில் அப்படியே விழுந்திருந்தது. அந்த வெயிலில் பேனா தானாக நகர்ந்தது. பிறகு சத்தம் வந்தது. லாரி லாரியாகப் பாறையைக் கொட்டுவது போல, நிற்காமல். மேடையில் நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் மலையை விட்டுவிட்டு ஓடைப் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெண் கத்தினாள். இரும்பு இரும்போடு மோதும் சத்தம் கேட்டது. கார்களின் திருட்டு அலாரங்கள் கூட்டமாக அலறின, ஒவ்வொன்றாக அடங்கின.

"அண்ணே, அவரு எங்க?" போனில் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு எங்க அண்ணே? அவரு எங்க?"

இரும்புப் படிகளில் பூட்ஸ் சத்தம். கண்ட்ரோல் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. கதவைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தார் அவள் புருஷன். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, வேர்வைதான். கையில் கொடி. ஓடையை அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"அவ எங்க?" என்றார்.

ரிசீவரை நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். அவள் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இவர் கொடியை மெல்ல மேஜை மேல் வைத்தார். கடைசியில் ஒரே ஓர் எழுத்து வந்தது.

"ம்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பெட்டி கீழே வர ஐந்தரை ஆயிற்று. பயணிகள் பதினேழு பேரும் நடந்தே இறங்கினார்கள். அவள் மணிக்கட்டை முறுக்கியவர் கீழே ஓடையைப் பார்த்துவிட்டு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். முப்பத்தெட்டு வண்டிகள் போயிருந்தன. என் ஸ்கூட்டரும் போயிருந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டு வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு டிரைவரும் போய்விட்டார். நாலு நிமிடம் முன்னால் சைரன் அடித்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது என்கிறார்கள். அப்படித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சில நாட்களில் முடிகிறது.

பத்து நாள் கழித்து இருவருக்கும் ஒரே உறையில் இரண்டு மெமோ வந்தது. அவளுக்கு: இரு ஸ்டேஷன்களிலும் கனமழை பதிவாகாத நிலையில் அவசரப் பொத்தானை அழுத்தியது ஏன்? அவருக்கு: சைரன் ஒலித்தபின் ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு நகர்ந்தது ஏன்? எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் விதிப்படி நடந்திருந்தேன்.

விளக்கத்தை என்னிடம்தான் கொடுக்க வேண்டும், நான்தான் மேலே அனுப்ப வேண்டும். அவள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். காற்று, சாய்வு, ஆறாவது டவர், விரல் கணக்கு என்று தேதிவாரியாக, படிக்கிற எவனும் வாயை மூடிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தாள். அவர் தன் தாளை முந்தின நாளே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது மேஜை மேல் கிடந்தது. அவள் எடுத்துப் படித்தாள்.

"மேலே என் மனைவி இருந்தாள்."

வேறு ஒன்றுமில்லை. கீழே கையெழுத்து.

அதை மேஜை மேல் திரும்ப வைத்தாள். பிறகு தன் இரண்டு பக்கத்தையும் என் பக்கமாகத் தள்ளினாள். "இதெல்லாம் நெசந்தான் அண்ணே. இத மெமோவோட அனுப்பாதீங்க, தனியா அனுப்புங்க. நடுவுல ஒரு மானி வைக்கச் சொல்லி அனுப்புங்க." என் பேனாவை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது கதவருகில் நின்றாள்.

"அழுத்தறப்ப எனக்கு மலையெல்லாம் நெனப்பு இல்ல அண்ணே. அந்தப் பதினேழு பேரக்கூட நெனைக்கல. அதான் இப்ப ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

தாளை எடுத்துப் பார்த்தேன். "கீழே என் கணவர் இருந்தார்."

இரண்டு விளக்கத்தையும் ஒன்றாகப் பின் அடித்து அனுப்பினேன், அவளுடைய இரண்டு பக்கத்தைத் தனியாக. மானி இன்னும் வரவில்லை. ஓடையில் சரளையை நிரவி மறுபடி வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். அவர் அங்கேதான் கொடியோடு நிற்கிறார். சுவரில் இருந்த லிஸ்டில் ஒன்பதாவது வரியை நான் யாரையும் கேட்காமல் அடித்துவிட்டேன். மலையின் இடுப்பில் மேகம் உட்காரும் நாட்களில், என் ஒரு கை சைரன் பொத்தானின் மேலேயே இருக்கிறது. மற்றக் கையால் போனை எடுத்துக் கேட்கிறேன்.

"எத்தனை விரல்மா?"